தீவு ஊற்றில் மிதந்த எண்ணெய்

குழல்வாய்மொழியின் புருஷன் ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலத்தில் குளிக்கப் போனவர்தான். அருவி வெள்ளத்தில் போய்விட்டார், உடம்பு கிடைக்கவில்லை. ஏழு வருஷம் பார்த்துவிட்டு, 1961-இல், தாலியைக் கழற்றிக் கடலில் விடட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். கொழுந்தன் தில்லைநாயகம் அவளைத் தென்காசியில் ரயிலேற்றித் தூத்துக்குடிக்குக் கூட்டி வந்தான். கரையில் கூட்டம் என்று, வேடிக்கை பார்க்கப் போகிறவர்களோடு வள்ளத்தில் எதிரே கடலில் தெரிந்த தீவுக்குப் போனார்கள்.

தீவெல்லாம் வெள்ளை மணல், தாழம்புதர், வெயிலில் காயும் சங்கு. சுற்றிலும் உப்புக்கடல், ஆனால் நடுவில் மணலைத் தோண்டினால் இளநீர் மாதிரித் தண்ணீர் ஊறியது. ஒரு மீனவப் பெண் அதைச் சிரட்டையில் மொண்டு எல்லோருக்கும் கொடுத்தாள்.

குழல்வாய்மொழியின் முறை வந்தது. "பொறுங்கக்கா, எண்ணெ மிதக்கு" என்றாள் மீனவப் பெண்.

தில்லைநாயகம் சிரித்தான். "மணலுக்குள்ள செக்கு வச்சிருக்கியளோ?"

"யாரு கண்டா அண்ணாச்சி? சனிக்கிழம காலம்பற மட்டும் வருது. ஏழு வருசமா இப்படித்தான்."

குழல்வாய்மொழி சிரட்டையை வாங்கி முகர்ந்தாள். நல்லெண்ணெயில் மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சிய வாசனை. அவருக்கென்று அவள் காய்ச்சுகிற பக்குவம்.

"மைனி, நேரமாவுது. கழத்துங்க" என்றான் கொழுந்தன் மெதுவாக.

அவள் தாலியைச் சேலைக்குள் விட்டுக்கொண்டாள். "அவுக இன்னும் குளிச்சு முடிக்கல, தம்பி."

மிதந்த எண்ணெயை விரலால் தொட்டு உச்சியில் வைத்துக்கொண்டாள். அது இன்னும் சூடு ஆறவில்லை.