செவ்வந்தி எழவில்லை

செவ்வந்திக்கு ஒரு பழக்கம் உண்டு. முதுகில் ஒரு குழந்தை மிச்சமிருந்தாலும் அந்த யானை மண்டியிட்ட இடத்தைவிட்டு எழாது. அன்று அதன் முதுகில் ஏறிச் சர்க்கஸ் கூடாரத்தைச் சுற்றிவந்த பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்ட பிறகும் அது எழவில்லை. "எந்திரி தாயி, அடுத்த புள்ளைங்க நிக்குதுல்ல?" என்று பாகன் இருளப்பன் கெஞ்சினான், அதட்டினான். ஏறிப் பார்த்தான். மெத்தை காலியாகத்தான் கிடந்தது. எரிச்சல் தாங்காமல், அதை ஏமாற்ற நினைத்து, இல்லாத ஒரு குழந்தையை இரண்டு கைகளாலும் தூக்கித் தரையில் இறக்கிவிட்டான். செவ்வந்தி உடனே எழுந்தது. ஆனால் காலை எடுத்து வைக்குமுன் அவன் பக்கத்தில் வெறுந்தரையைத் துதிக்கையால் தடவிப் பார்த்து, மெல்ல ஒதுங்கி நடந்தது. இருளப்பனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தன் வலது கை இன்னும் எதையோ பற்றியபடி தாழ்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தான். விடுவதா, பிடித்துக்கொள்வதா? விட்டால் இத்தனை கூட்டத்தில் அது எங்கே போகும்? "இது யாரு புள்ள?" என்று தன்னையறியாமல் கூவிவிட்டான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிக்காத இரண்டு பெண்கள், ஆளுக்கொரு பக்கத்திலிருந்து, கைகளை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள்.