இன்னொரு கை

"பிடிச்சுக்க இவ இருக்கா" என்று கடைக்காரரிடம் சொன்னார் அவள் கணவர்.

பெருமையாகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சலாக இருந்தது.

மேசைமேல் இரண்டு டிரில்லிங் மெஷின்கள். இரண்டும் சின்னவை, வீட்டில் மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம். ஒன்று மலிவு. இன்னொன்றில் சர்க்யூட் போர்டை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ் இருந்தது. விலை கொஞ்சம் கூடுதல்.

அவருக்கு இடது கை விழுந்து எட்டு மாதமாகிறது. பக்கவாதம்.

அன்றிலிருந்து அவள்தான் இடது கை. சட்டைப் பொத்தான். பற்பசை மூடி. வாழைப்பழத் தோல்.

சாயங்காலமானால் போர்டு.

ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் என்று எதையாவது செய்துகொண்டிருப்பது அவருடைய பொழுதுபோக்கு. போர்டில் ஊசி நுழையும் அளவுக்குத் துளைகள் போட வேண்டும். அவள் பிடிப்பாள். அவர் கை டிரில்லால் துளைப்பார். டிரில்லின் ஊசி மாதிரியான பிட் முறியும்.

"ஆடாத" என்பார்.

அவள் ஆடுவதில்லை. ஆடுவது அவர் கைதான். சொன்னது கிடையாது. அடுப்பில் குக்கர் கத்தும், எழுந்து போகவும் முடியாது.

இந்த வேலையை மட்டும் விட்டுடாதீங்க என்று டாக்டர் சொல்லியிருந்தார். நல்ல டாக்டர். அவர் வீட்டில் யார் பிடிக்கிறார்களோ.

மலிவான மெஷினுக்கு அட்டைப்பெட்டி எடுக்கக் கடைக்காரர் குனிந்தார்.

அவ்வளவுதான், இனி ஆயுசுக்கும் பிடிக்க வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

"நான் பிடிக்க மாட்டேன்."

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

கடைக்காரர் பெட்டியோடு நின்றார். கணவர் அவளைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தில் மறுபடி சரி என்று சொல்லிவிடுவோமோ என்று பயமாகவும் இருந்தது.

"என்னால முடியலைங்க" என்றாள்.

அவர் வைஸ் வைத்த மெஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கடைக்காரர் சோதித்துப் பார்க்க ஒரு பழைய போர்டுத் துண்டைக் கொடுத்தார். கணவர் அதை வலது கையாலேயே வைஸுக்குள் செருகினார்.

நழுவி விழுந்தது.

மறுபடி செருகினார். மறுபடி விழுந்தது.

அவள் கை தானாக நீண்டது. இழுத்து முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

அடுத்த தடவை நின்றது. திருகை இறுக்கினார். மெஷினைப் போட்டு, கைப்பிடியை மெல்லக் கீழே இழுத்தார்.

பிட் முறியவில்லை.

குனிந்து தூசியை ஊதினார். துளையைப் பார்த்தார். அவளிடம் காட்டவில்லை. வைஸைத் தளர்த்தி, போர்டை நகர்த்தி, அடுத்த துளைக்குப் போனார்.

கோபமா, மும்முரமா, தெரியவில்லை. கேட்கவும் தெம்பில்லை.

வெளியே வந்தாள். எதிரிலேயே டீக்கடை. ஒரு டீ சொல்லி, சூடு ஆறுவதற்குள் முழுசாகக் குடித்தாள். அப்படிக் குடித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

எதிர்க் கடைக்குள் தெரிந்த அவரைக் காட்டி டீக்கடைக்காரர் கேட்டார்.

"சாருக்கும் ஒண்ணு குடுத்து விடவாம்மா?"

எட்டு மாதமாக அவரைப் பற்றி யார் கேட்டாலும், படுத்திருக்காரு என்றுதான் சொல்லிவந்தாள்.

"அப்புறம் தாங்க" என்றாள். "வேலையா இருக்காரு."