ரத்தச் சிவப்பில் ஒட்டிய துகள்

மலைகளுக்குப் பொறுமை தீர்ந்துபோன ஒரு வருஷத்தில், கடலுக்கு அப்பால் ஒரு மலை வெடித்தது. அடிவாரத்தில் இருந்த ஏழு ஊர்களும் எரிந்துபோயின. அந்தச் சாம்பல் தேசம் தேசமாகப் பறந்து, போன இடமெல்லாம் அந்தி வானத்தை ரத்தச் சிவப்பாக்கியது. எங்கோ ஓர் ஓவியர் அதைப் பார்த்து அப்படியே வரைந்தார். ஈரம் காயாத சாயத்தில் ஒரு சாம்பல் துகள் வந்து ஒட்டிக்கொண்டது.

ஓவியம் புகழ்பெற்று அருங்காட்சியகத்துக்கு வந்தது. "இந்தச் சிவப்பு ஓவியரின் மனக்காயம்" என்று வழிகாட்டி தினமும் சொன்னார். பார்க்க வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

துகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மனக்காயமாம்! ஏழு ஊர் வெந்த சிவப்பு ஐயா இது! அதில் ஒரு ஊரின் பெயரையாவது சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்!"

"கத்தாதேடி பொடிசு," என்றது ஓவியத்தைச் சுற்றியிருந்த தங்க முலாம் சட்டம். "வெந்தவர்களில் யாராவது தூரிகை பிடித்தார்களா? பேசாமல் ஒட்டிக்கொண்டிரு. உனக்கும் சேர்த்துத்தானே கூட்டம் வருகிறது?"

"கூட்டம் யாருக்கு வேண்டும்? நான் சாட்சி. என்னை ஒரே ஒருவர் உற்றுப் பார்த்தால் போதும்."

ஒருநாள் உண்மையிலேயே ஒருவர் பூதக்கண்ணாடியோடு வந்து துகளையே உற்றுப் பார்த்தார். பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்பவர் அவர். துகள் பூரித்துப்போய், முதல் ஊரின் பெயரைச் சொல்ல வாயெடுத்தது.

அவர் பஞ்சுக்குச்சியை நாக்கில் நனைத்தார். அந்தத் தொழிலில் அப்படித்தான் வழக்கம். ஒரே துடைப்பு.

"அழுக்கு போனதும் பார்," என்றது சட்டம் பக்கத்துச் சட்டத்திடம், "சோகம் எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது!"