எரியாத விளக்கு

செய்னயோகி நகரின் வருடாந்திர வாகனச் சோதனைக் கூடத்தில், சக்கரங்களிலிருந்து உருகிய பனி தரையில் கறுப்பாக ஓடுகிறது. சோதனை செய்யும் ஹென்னா காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருகுகிறாள். திறந்த கதவருகே காரின் சொந்தக்காரர் டாய்ஸ்டோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சாவி திரும்பியதும் முகப்புப் பலகையிலுள்ள எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிகின்றன. வண்டி தன்னைத்தானே ஒருமுறை சரிபார்த்துக்கொண்டதும், ஒவ்வொன்றாக அணைகின்றன. மோதினால் விரியும் காற்றுப்பைக்கான விளக்கு மட்டும் எரியவே இல்லை. "பழுதுன்னா எரிஞ்சுக்கிட்டே இருக்கும். நல்லா இருந்தா எரிஞ்சு அணையும். இது என்னண்ணே, ரெண்டும் இல்லாம தூங்குது?" என்று சிரித்தபடி ஹென்னா அந்த இடத்தை நகத்தால் சுரண்டுகிறாள். நேற்று டாய்ஸ்டோ அளந்து வெட்டி ஒட்டிய கறுப்பு டேப் உரிந்து வருகிறது. அடியிலிருந்து செம்மஞ்சள் ஒளி அவள் விரலில் விழுகிறது. சிரிப்பு நின்றுவிடுகிறது. "யாருண்ணே ஓட்டப்போறது?" "எம்பொண்ணு. இன்னிக்குத்தான் அவளுக்குக் குடுக்கறேன்." ஹென்னா அந்த டேப் துண்டை அவர் உள்ளங்கையில் ஒட்டுகிறாள். கண்ணாடிக்கு அப்பால், காத்திருக்கும் அறையில், காப்பிக் கோப்பையோடு மகள் வென்லா கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, பாஸா என்று புருவத்தால் கேட்கிறாள். டாய்ஸ்டோ கையை இறுக மூடிக்கொள்கிறார்.