மிதித்தால் மணி அடிக்கும்

கிழிந்த உதட்டில் பஞ்சை அழுத்திக்கொண்டே அவள் அட்டையைச் சுவரில் ஒட்டினாள்.

பசை வழிந்தது.

மகள் பிரதிக்ஷா பள்ளிக் கண்காட்சிக்கென்று செய்தது அது. இரண்டு அட்டை. இரண்டிலும் அலுமினியத் தாள். நடுவில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு, துண்டு துண்டாக. மிதித்தால் தாளும் தாளும் தொடும், மணி அடிக்கும். காலை எடுத்தால் நின்றுவிடும்.

'திருடனைப் பிடிக்கும் மிதியடி. சின்னவர் பெரியவர் யாரும் செய்யலாம்' என்று வீடியோவில் போட்டிருந்தது.

"பேட்டரிதான் குட்டீஸ், ஷாக் அடிக்காது. பயப்படவே வேண்டாம்" என்று அதில் ஒருவன் பல்லைக் காட்டினான்.

பயத்தைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்!

மணி இந்த வீட்டில் இல்லை. மாடி வீட்டு ஞானசௌந்தரியின் சமையலறையில் இருந்தது. ஒயர் தண்ணீர்க் குழாயை ஒட்டி மேலே ஏறியது.

ஞானசௌந்தரி ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள். "ஒரு சத்தம் போட்டா ஓடியாந்துருவேன். ஏன்டி வாயே தொறக்க மாட்டேங்குற?"

தொண்டை வரை வரும். ஊர் சிரிக்குமே என்று அங்கேயே நின்றுவிடும். புருஷனும் லேசுப்பட்டவன் இல்லை. கை ஓங்குவதற்கு முன் டிவி சத்தத்தை ஏற்றிவிடுவான்.

வெளியாள் முன்னால் அவன் பசு. அதனால்தான் இந்த ஏற்பாடு. அவன் வாசற்படியில் கால் வைத்ததும் மேலே மணி அடிக்க வேண்டும். சர்க்கரை கேட்கிற சாக்கில் ஞானசௌந்தரி இறங்கி வர வேண்டும்.

நேற்று படிமேல் அட்டையை வைத்து, சாக்கைப் போட்டு மூடினார்கள்.

அவன் வந்தான்.

மணி அடிக்கவில்லை.

படியை மிதிக்காமல் தாண்டி வந்தான். என்றைக்கும் அப்படித்தான் வருவானாம். படியில் லட்சுமி இருக்கிறாள், மிதிக்கக் கூடாது என்று அவன் அம்மா சொல்லி வளர்த்த பிள்ளை.

இத்தனை வருடம் அவன் கையையே பார்த்துப் பயந்தவள், ஒருநாளும் அவன் காலைப் பார்க்கவில்லை.

படியை மிதித்தால் பாவம். பெண்டாட்டியை மிதிக்கலாம். நல்ல சாஸ்திரம்டா சாமி!

உதடு கிழிந்தது அப்போதுதான்.

படிக்கு உள்ளே சாக்கைப் போட்டால் எத்தித் தள்ளுவான். அட்டையைப் பார்த்துவிட்டால் தொலைந்தது.

"கையில வச்சுக்கம்மா. அடிக்க வந்தா நீயே அமுக்கிரு" என்றாள் பிரதிக்ஷா.

அவள் தலையாட்டினாள். வாய் வராதவளுக்குக் கை மட்டும் வந்துவிடுமா?

அப்புறம்தான் யோசித்தாள். அவன் தவறாமல் மிதிக்கிற இடம் எது? தவறாமல் அவளைக் கொண்டுபோய் மோதுகிற இடம் எது?

கிரைண்டர் மூலை. அங்கே அவள் தோள் உயரத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. அவள் முதுகு பட்டுப் பட்டுப் பெயர்ந்த சுண்ணாம்பு.

அட்டையை அங்கே ஒட்டினாள். மேலே காலண்டரை மாட்டினாள்.

பிரதிக்ஷா காலண்டரைப் பார்த்தாள். அம்மாவின் முதுகைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"வேணாம்மா."

"நீ கதவைத் தாழ் போடாம வச்சிரு. அது போதும்."

பொழுது சாயும்போது அவன் வந்தான். படியைத் தாண்டினான். வாசலில் அவள் செருப்பு கோணலாகக் கிடந்ததாம். அதற்கு முதல் அறை.

ரிமோட்டை எடுத்தான். டிவி அலறியது.

இன்றைக்கென்று பார்த்து ஹாலிலேயே தொடங்கிவிட்டான். முடியைச் சுற்றிப் பிடித்தான். தரையில் தள்ளினான். விலாவில் ஒரு உதை. மூச்சு நின்று வந்தது.

மூலை எட்டத்தில் இருந்தது.

அவள் தவழ்ந்தாள். எழுந்தாள். பின்பக்கமாகவே மூலையை நோக்கி நகர்ந்தாள். பயந்து ஓடுகிறாள் என்று அவனுக்கு வெறி ஏறியது. வாடி, எங்கே போவாய் என்று துரத்தி வந்தான்.

அடி வாங்குவதற்கென்று அவள் ஓடியது இதுதான் முதல் தடவை.

கழுத்தைப் பிடித்துச் சுவரில் அடித்தான். காலண்டர் நசுங்கியது. முதுகில் அட்டை அழுந்தியது.

அடித்ததா, அடிக்கவில்லையா? டிவி சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பசை காய்ந்ததோ? ஒயர் கழன்றதோ? மேலே ஞானசௌந்தரி குளிக்கப் போயிருந்தால்?

அவன் இன்னும் இறுக்கினான். கண் இருட்டியது.

அழுத்து. நல்லா அழுத்துடா. அவள் மனசுக்குள் கத்தினாள்.

கதவு சுவரில் மோதித் திறந்தது.

ஞானசௌந்தரி. மாவு ஒட்டிய கை. செருப்புக் கால். நட்ட நடு வாசற்படியில் ஏறி நின்றாள்.

அவன் கண் முதலில் அவள் காலுக்குத்தான் போனது.

"படிய விட்டு எறங்குக்கா" என்றான். குரல் பசுவாகிவிட்டிருந்தது.

அவள் இறங்கவில்லை.

பிரதிக்ஷா டிவியை அணைத்தாள்.

அப்போதுதான் கேட்டது. மேலே, கூரைக்கு அப்பால், விடாமல் ஒரு மணி. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டுக் கதவும் திறந்தது.

எங்கிருந்து சத்தம் என்று அவன் அண்ணாந்து தேடினான். அவள் கழுத்திலிருந்து கையை எடுத்தான். இரண்டடி விலகி நின்றான்.

மணி நிற்கவில்லை.

இரண்டு காலையும் தரையில் ஊன்றி, முதுகால் சுவரை அழுத்திக்கொண்டு அவள் நின்றாள்.