வாடிக்கையாளர் தூங்குகிறார்

"மேடம், கஸ்டமர் தூங்கிட்டாங்க."

மர்ஜானா தேர்வு அதிகாரியிடம் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் மேனேஜர் ஹபீப் முகம்மதுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பாயான் பாரு நகரில் ஒரு மெத்தைக் கடை. விற்பனையாளர் சான்றிதழுக்காக மர்ஜானாவுக்கு இன்று செய்முறைத் தேர்வு. உள்ளே வரும் வாடிக்கையாளரிடம் பேசி, தேவையைக் கேட்டு, ஒரு மெத்தையாவது விற்றுக் காட்ட வேண்டும்.

தேர்வு அதிகாரி தவமணி பொல்லாதவர் என்று பெயர். 'தேங்க் யூ' சொல்ல மறந்த ஒருவரை ஃபெயிலாக்கியவர்.

வந்தவளோ ஃபேக்டரி சட்டை போட்ட ஒரு பெண். "படுத்துப் பாருங்கக்கா" என்று மர்ஜானா சொன்னதுதான் தாமதம், அப்படியே உறங்கிப்போனாள்.

"எழுப்பு லா!" ஹபீப் முகம்மது பல்லைக் கடித்தார். "சர்ட்டிஃபிகேட் இல்லேன்னா உன்னைப் பெர்மனென்ட் பண்ண மாட்டாங்க, தெரியுமில்ல?"

"மனசு வரல பாஸ். நைட் ஷிஃப்டாம். பகல்ல கண்ணை மூடினா மேல் வீட்டுல சுவரை இடிக்கிறாங்களாம். படுக்கும்போது சொன்னாங்க."

அந்தப் பக்கத்து விளக்கை அணைத்தாள். பாட்டை நிறுத்தினாள். காட்சிக்கு வைத்திருந்த போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டாள்.

"தூங்குறவங்ககிட்ட எப்படிம்மா விப்பே?" என்றார் தவமணி.

"விக்க முடியாது மேடம்."

தவமணி குடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

"போச்சு! கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க!" ஹபீப் முகம்மது தலையில் கைவைத்துப் பக்கத்து மெத்தையில் உட்கார்ந்தார்.

வெளியே மழை. கண்ணாடியில் நீர் வழிந்து, தெரு மங்கலாகக் கரைந்துகொண்டிருந்தது. அரை இருட்டில் வெள்ளை மெத்தைகள் எல்லாம் மேகங்களைப் போலக் கிடந்தன. அந்தப் பெண்ணின் மூச்சு சீராக ஏறி இறங்கியது. கடையே ஒரு படகாகி எங்கோ மிதந்து போவதுபோல் இருந்தது மர்ஜானாவுக்கு. வேலை போனாலும் போகட்டும் என்றுகூடத் தோன்றியது. திட்டிக்கொண்டிருந்த ஹபீப் முகம்மதுவின் குரலும் தேய்ந்து, தேய்ந்து... அவரும் சாய்ந்துவிட்டார்.

திடீரென்று அவளுக்கு உறைத்தது. சனிக்கிழமை. கூட்டம் அலைமோதுகிற நேரம். இவ்வளவு நேரமாக ஒருவர்கூட உள்ளே வரவில்லையே?

பூனைபோல் நடந்து போய்க் கதவை லேசாகத் திறந்தாள்.

பாதி நனைந்தபடி வாசலை மறித்து நின்றிருந்தார் தவமணி. எதிரே, கடைக்கு வந்த ஒரு கணவனும் மனைவியும். அவர்களிடம் உதட்டில் விரல் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"மெதுவா பேசுங்க லா... உள்ளே பரீட்சை நடக்குது. கஸ்டமர் இன்னும் எந்திரிக்கல."