வைரம் பாய்ந்த தொட்டில்

"ஏனுங்க சம்பந்தி, இத்தனை தூரம் வந்துபோட்டு நீங்க குடுத்த கட்டிலை ஒரு எட்டு உள்ள போய்ப் பார்க்கறதில்லீங்களா?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

பாலுசாமிக்குக் காபி புரையேறியது.

"நான் குடுத்ததை நானே என்னத்தைங்க பார்க்கறது," என்று சமாளித்துத் தம்ளரை வைத்தார்.

வளைகாப்பு முடிந்த மகள் மைனாவதியைப் பிரசவத்துக்குத் துடியலூருக்கு அழைத்துப்போக, மனைவி சாந்தாமணியோடு வாடகைக் காரில் ஆனைமலைக்கு வந்திருந்தார் அவர். கட்டில் பேச்சு மட்டும் வந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் மாசாணியம்மனை வேண்டிக்கொண்டுதான் வந்தார். வந்தவுடன் அந்தப் பேச்சுத்தான் வந்தது.

கல்யாணச் சீரில் தேக்குக் கட்டில் தருவதாக வாக்குக் கொடுத்தவர் பாலுசாமி. கடையில் வாங்காமல், சொந்தத் தோட்டத்து மரத்தை வெட்டிப்போட்டு வைத்திருந்து அதிலேயே செய்தார். தேக்கு என்னவோ தேக்குதான். ஆனால் வைரம் பாயாத இளமரம், பாதிக்குமேல் வெள்ளைக் கட்டை. முகூர்த்தம் நெருங்கிய நேரத்தில் கட்டிலடியில் மைதாமாவு மாதிரி தூள் கொட்டிக் கிடந்தது. கால்களிலும் சட்டங்களிலும் குண்டூசித் தலை அளவுக்கு வட்ட வட்டமாக ஓட்டைகள்.

ஆசாரி வந்து பார்த்தார். கரையானாக இருந்தால் மண் இருக்கும், இது மரத்துக்குள்ளேயே குடியிருந்து தின்கிற வண்டு என்றார். ஒவ்வொரு ஓட்டையிலும் ஊசியால் மருந்தை ஏற்றி, பாலித்தீன் தாள் சுற்றிச் சில வாரம் மூடிவைக்க வேண்டுமாம். அதுவரை முகூர்த்தம் காத்திருக்குமா? பாலுசாமி மெழுகுவத்தியை உருக்கி ஓட்டைகளை அடைத்தார். மேலே பளபளவென்று வார்னிஷ் அடித்து, மாலை போட்டு டெம்போவில் ஏற்றிவிட்டார்.

அன்றிலிருந்து மனசு உறுத்திக்கொண்டேதான் இருந்தது. விஷயம் வெளியே வந்தால் அவர் மானம் போவது இருக்கட்டும், மைனாவதியல்லவா காலத்துக்கும் மாமியார் வீட்டில் பேச்சுக் கேட்க வேண்டும்?

ஆனால் நாச்சிமுத்து இப்போதும் ஒரு குறையும் சொல்லவில்லை. அப்படியொரு கட்டிலை இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் கண்டதில்லை என்று புகழ்ந்தார். பாலுசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் இளக்காரமும் வந்தது. இத்தனை தென்னந்தோப்பு வைத்திருக்கிற மனுஷனுக்கு மரத்தைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லையே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

கிளம்புகிற நேரத்தில் காரின் மேல் ஒரு மரத்தொட்டிலை ஏற்றிக் கட்டினார்கள். கடைசல் பிடித்த கால்களோடு புத்தம் புதிதாக மின்னியது.

"முறைப்படி தொட்டில் உங்க சீர்தானுங்க. ஆனா இது எங்க ஆசை, மறுக்கக் கூடாது," என்றார் நாச்சிமுத்து.

தன் செலவு மிச்சமாகும்போது பாலுசாமி மறுப்பாரா? இருந்தாலும் விவரம் தெரிந்தவர் என்று காட்டிக்கொள்ள வேண்டுமே. தொட்டில் காலை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"நல்ல வைரம் பாஞ்ச மரமுங்க. தட்டுனாவே தெரியுது."

"நீங்களே சொல்லிட்டா அப்பறம் என்னங்க. உங்களுக்குத் தெரியாத மரமுங்களா?" என்று கும்பிட்டார் நாச்சிமுத்து.

மைனாவதி எதையோ சொல்ல வாயெடுத்தாள். மாமனார் முகத்தைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள்.

துடியலூர் வீடு அந்த வருஷம்தான் கட்டி முடித்தது. கதவும் சுவர் அலமாரிகளும் பாலுசாமி கூடவே நின்று இழைக்கவைத்தவை. பேரன் பிறந்ததும் தொட்டிலை நடு அறையில் அலமாரியை ஒட்டிப் போட்டார்கள். வந்தவர்களிடமெல்லாம் பாலுசாமி அதன் காலைத் தட்டிக் காட்டி வைரத்தின் பெருமையை எடுத்துச் சொன்னார்.

பேரன் குப்புற விழ ஆரம்பித்த சமயம், தொட்டிலடியில் மைதாமாவு கொட்டியிருந்தது. சாந்தாமணி கூட்டி அள்ளினாள். மறுநாள் காலையிலும் அதே இடத்தில் அதே மாவு. அலமாரிக் கதவைத் திறந்தால் அங்கேயும் கொஞ்சம்.

ஆசாரியே மறுபடி வந்தார். வண்டு தொட்டிலிலிருந்துதான் அலமாரிக்குப் போயிருக்கிறது, இனி வீட்டு மரம் மொத்தத்துக்கும் மருந்து ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாலுசாமிக்குப் பொறுக்கவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணோடு பூச்சி விழுந்த மரத்தை அனுப்புகிறவன் ஒரு மனுஷனா, பெரிய மனுஷன் செய்கிற காரியமா இது என்று கத்திக்கொண்டே சட்டையை மாட்டினார். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் சம்பந்தியை நாலு வார்த்தை கேட்டால்தான் ஆறும்போல இருந்தது.

"போன் பண்ண வேண்டாமுங்கப்பா," என்று குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள் மைனாவதி.

"ஏன் கண்ணு? தப்புப் பண்ணுனது அவரு, நான் எதுக்குப் பயப்படோணும்?"

"அது நீங்க சீரா குடுத்த கட்டில்தானுங்கப்பா. மாவு கொட்டவும் மாமா கோவிச்சுக்கவே இல்லீங்க. சம்பந்தி குடுத்ததை வீசக்கூடாதுன்னு அதையே பிரிச்சுத் தொட்டிலாப் பண்ணச் சொன்னாரு. அப்பாகிட்டச் சொல்லாதம்மணி, மனசு சங்கடப்படுவாருன்னாரு."

பாலுசாமி தொட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார். அடிச்சட்டம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக மெழுகு.

"அதை மட்டும் சுரண்ட விடலீங்க," என்றாள் மைனாவதி. "'மெழுகு அடைக்கற வேலையைச் சம்பந்தியே நல்லாப் பண்ணியிருக்காரு, நாம மறுக்காப் பண்ண வேண்டியதில்ல'ன்னு தொட்டில் பண்ணுன ஆசாரிகிட்டச் சொல்லிப்போட்டாருங்க."